சுமை மிகும் நாளில் சர்வர் வீழ்வதேன்?

ஆண்டின் பெரும்பகுதியில் ஒரு குறையுமின்றி இயங்கிவரும் கணினி, பலரும் அதனை எதிர்நோக்கியிருக்கும் அந்த ஒரு நாளில் நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். தேர்வு முடிவு வெளியாகும் காலை, உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாள், பள்ளிப் புள்ளிவிவரங்களைப் பதிவதற்கு விதிக்கப்பட்ட கெடு முடியும் மாலை ஆகிய வேளைகளில் ஆசிரியரும் களப்பணியாளரும் திரையின் முன் காத்திருப்பர். திரையிலோ ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். “சர்வர் டவுன்” என்று ஒருவர் கூறுவார். மற்றவர் அதனை ஏற்று எழுந்து செல்வார். அவ்விரு சொற்களுக்குப் பின்னால் நிகழ்வது யாது, அதன் காரணத்தைத் துறையினர் எவ்வாறு தேடிக் காண்கின்றனர் என்பவற்றை இங்குக் காண்போம்.

சுமை என்பது நாளொன்றுக்கு எத்தனை பேர் என்னும் கணக்கன்று. ஒரே நொடியில் எத்தனை பேர் என்பதே கணக்கு. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 முதல் 44 வயது வரையுள்ளோர் தடுப்பூசிக்குப் பதிவு செய்துகொள்ளக் கோவின் தளம் திறந்துவிடப்பட்டது. தொடக்கத்தில் நிமிடத்திற்கு 27 லட்சம் வேண்டுகோள்கள் வந்தன என அரசு அறிவித்தது. அஃதாவது நொடிக்கு 45,000. அன்று ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு பெற்றனர். ஆயினும் தொடக்க நிமிடங்களில் பக்கம் திறவாமலும், கைப்பேசிக்கு வரவேண்டிய கடவு எண் வாராமலும் பலர் இடர்ப்பட்டனர். அதே எண்ணிக்கையினர் அந்நாள் முழுவதும் பரவலாக வந்திருப்பின் அவ்விடர் எழுந்திராது.

ஆவண அறையும் எழுத்தர்களும்

தரவுத்தள சர்வரைப் பெரியதோர் அலுவலகத்தின் ஆவண அறையாக எண்ணிக்கொண்டால் பல செய்திகள் எளிதில் விளங்கும். வட்டு என்பது ஏடுகள் அடுக்கிய அலமாரி. நினைவகம் என்பது ஏட்டை விரித்துப் பார்க்கும் மேசை. வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் உள்ளே ஓர் எழுத்தர் அமர்த்தப்படுகிறார். இது வெறும் உவமையன்று. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இணைப்பிற்கும் தனித்து ஓடும் ஒரு நிரல் உண்மையிலேயே தோற்றுவிக்கப்படுகிறது. அந்நிரல் தனக்கென நினைவகத்தில் ஓரிடத்தையும் பிடித்துக்கொள்கிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரே நிரலுக்குள் பல இழைகள் அப்பணியைச் செய்கின்றன. எழுத்தர் பலராயினும், ஏட்டைப் புரட்டும் கைகள், அஃதாவது செயலியின் கருக்கள், எட்டோ பதினாறோ மட்டுமே என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி வரிசையின் கணக்கைக் காண்போம். தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகள் குவிவதைப் பற்றிக் கோபன்ஹேகன் நகரில் ஏ. கே. எர்லாங் என்பவர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இக்கணக்கு வளர்ந்தது. ஒரு வினவலை முடிக்க 20 மில்லிநொடி ஆகிறது என்றும், வினவல்கள் ஒழுங்கின்றி முன்பின்னாக வருகின்றன என்றும் கொள்வோம். வினவலின் நீளமும் அவ்வாறே ஒன்றுக்கொன்று மாறுபடும் எளிய நிலையில், ஒரு செயலி தன் நேரத்தில் பாதியளவு உழைக்கும்போது வினவல் ஒன்று காத்திருந்து முடிவதற்குச் சராசரி 40 மில்லிநொடி ஆகும். உழைப்பு 80 விழுக்காடாயின் 100 மில்லிநொடி. 90 விழுக்காடாயின் 200. 95 விழுக்காடாயின் 400. சுமை 90இலிருந்து 95 ஆக உயர்வது சிறு மாற்றமாகவே தோன்றும். ஆனால் காத்திருப்பு இருமடங்காகிவிடுகிறது. “நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது?” என்னும் வினாவுக்கு விடை இதில் உள்ளது. நேற்று அது விளிம்புக்குச் சற்று இப்பால் நின்றது.

மற்றொரு விதியும் இங்கு வேண்டும். அறைக்குள் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, நொடிக்கு வருவோரின் தொகையை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கக் கிடைப்பதாகும். ஜான் லிட்டில் என்பார் 1961இல் நிறுவிய விதி இது. நொடிக்கு 200 வினவல்கள் வந்து, ஒவ்வொன்றும் 0.05 நொடி தங்கினால், எந்த நேரத்திலும் உள்ளே பத்து வினவல்களே இருக்கும். வருவோர் தொகை மாறாதிருக்க, தங்கும் நேரம் மட்டும் 2 நொடியாக நீண்டால், உள்ளே 400 வினவல்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். கூட்டம் கூடாமலே அறை நிறைந்துவிடும் என்பதே இதன் பொருள். ஆகவே, எத்தனை பேர் வந்தனர் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்கினர், ஏன் தங்கினர் என்று கேட்பதே முறை.

ஏன் தங்கினர்? பெரும்பாலும் சுட்டு இல்லாமையால். ஒரு கோடி வரிசைகள் கொண்ட அட்டவணையில், தேர்வு எண்ணிற்குச் சுட்டுப்பட்டியல் ஒன்று அமைந்திருந்தால் மூன்று அல்லது நான்கு படிகளில் வேண்டிய வரிசையை அடைந்துவிடலாம். அது இல்லையெனில் ஒரு கோடி வரிசைகளையும் புரட்டிப் பார்க்க நேரிடும். நூறு பெயர்களை இட்டுச் சோதித்தபோது இரண்டும் ஒரே விரைவில் நடந்ததாகத் தோன்றியிருக்கும். சோதனையில் தேறியதென்று சான்றளிக்கப்பட்ட நிரல், முடிவு வெளியான அன்று முதல் கால்மணியில் திணறுவதற்கு இதனினும் பொதுவான காரணம் வேறில்லை.

நினைவகம் தீர்ந்துபோகும் விதம்

ஒரு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சர்வரின் நினைவகம் 16 ஜிகாபைட். அதில் 4 ஜிகாபைட்டை எல்லா எழுத்தர்களுக்கும் பொதுவான மேசையாகத் தரவுத்தளம் ஒதுக்கிக்கொண்டது. இயக்க முறைமைக்கும் பிற பணிகளுக்கும் 2 ஜிகாபைட். எஞ்சியது 10 ஜிகாபைட். ஒவ்வோர் இணைப்பும் வாளா இருக்கும்போதே 10 மெகாபைட் கொள்ளும் என்க. பெயர்களை அகரவரிசைப்படுத்துதல் போன்ற வேலை வரும்போது, ஒவ்வொரு வேலைக்கும் மேலும் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரஸில் இதன் எல்லை, மாற்றாது விடின், 4 மெகாபைட். விரைவு வேண்டி யாரோ அதனை 64 மெகாபைட்டாக உயர்த்தி வைத்திருக்கிறார் என்போம். பத்துப் பேர் பயன்படுத்தும் நாளில் அது நல்ல யோசனையே.

இப்போது 400 இணைப்புகள் உள்ளே வந்துவிட்டன. அவற்றின் அடிப்படைத் தேவை மட்டும் ஏறத்தாழ 4 ஜிகாபைட். அவற்றுள் பாதியான 200 ஒரே வேளையில் வரிசைப்படுத்தத் தொடங்கினால் மேலும் 12.8 ஜிகாபைட். ஆக, எஞ்சியிருந்த 10 ஜிகாபைட்டிலிருந்து ஏறக்குறைய 17 ஜிகாபைட் கேட்கப்படுகிறது. அன்றியும் அந்த 64 மெகாபைட் என்பது இணைப்பிற்கு ஒன்றன்று. ஒரு வினவலில் மூன்று இடங்களில் வரிசைப்படுத்தல் நிகழின் மூன்று முறை கேட்கப்படலாம். இந்நுட்பத்தைக் கவனியாது விடுவோர் பலர்.

அப்போது லினக்ஸ் என்னும் இயக்க முறைமை செய்வது வியப்புக்குரியது. தன்னிடம் உள்ளதைக் காட்டிலும் மிகுதியான நினைவகத்தைக் கேட்டவர்க்கெல்லாம் தருவதாக அது முன்னரே ஒப்புக்கொண்டிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டார்கள் என்று நம்பும் வட்டிக்கடைக்காரரைப் போல. கேட்டுவிட்டால் வேறு வழியின்றி, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றைத் தேர்ந்து அழித்துவிடும். மிகுந்த நினைவகத்தைப் பிடித்திருப்பது எதுவோ அதற்கே பெரும்பாலும் அக்கேடு வரும். தரவுத்தள சர்வரில் அத்தகையது தரவுத்தளமேயன்றி வேறென்ன?

போஸ்ட்கிரஸின் எழுத்தர்களுள் ஒருவர் இவ்வாறு திடீரென அழிக்கப்பட்டால், தலைமை நிரலுக்கு ஓர் ஐயம் எழுகிறது. பொது மேசையில் அவர் பாதியில் விட்டுச் சென்ற ஏடு பழுதுற்றிருக்குமோ என்பதே அவ்வையம். அதனால் எஞ்சிய எழுத்தர் அனைவரையும் வெளியேற்றி, மேசையைத் துடைத்து, பதிவேட்டைக் கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்த பின்னரே மீண்டும் கதவைத் திறக்கிறது. ஒரு வினவல் செய்த குற்றத்திற்கு 400 பேரும் வெளியேறுகின்றனர். இது மிகை என்று தோன்றலாம். ஆனால் மதிப்பெண்ணோ மருந்துக் கணக்கோ தவறாக எழுதப்படுவதைவிட, சில நிமிடம் எழுதப்படாமல் இருப்பது மேல் என்னும் முடிவு சரியானதே.

இதன் பின் நிகழ்வது மேலும் கொடிது. வெளியேற்றப்பட்டவர்கள் வீட்டிற்குச் செல்வதில்லை. அனைவரும் அதே நொடியில் மீண்டும் கதவைத் தட்டுகின்றனர். பக்கம் வாராததால் ஒருவர் மும்முறை பொத்தானை அழுத்தினால், முதலிரு வேண்டுகோள்களை அவர் கைவிட்டுவிட்டார் என்பதைச் சர்வர் பெரும்பாலும் அறியாது; மூன்றையும் செய்ய முயலும். ஒரு லட்சம் பேரின் சுமை இவ்வாறு மூன்று லட்சமாகிறது. பொது மேசையிலோ இப்போது ஏடு ஒன்றும் இல்லை. முதலில் கேட்கப்படுபவற்றை மறுபடியும் கொணர்ந்து அடுக்குதல் வேண்டும். எழுந்த சர்வர் உடனே மீண்டும் வீழ்வதன் காரணம் இதுவே.

வீழ்ச்சி, முட்டு, மறுப்பு

மூன்று வேறு நோய்களை நாம் ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். மேலே கூறியது உண்மையான வீழ்ச்சி. இரண்டாவது, மறுப்பு. போஸ்ட்கிரஸ் இயல்பாக 100 இணைப்புகளையும், மைஎஸ்க்யூஎல் 151 இணைப்புகளையும் ஏற்கும். அதற்கு மேல் வருவோரைச் செய்தி கூறித் திருப்பி அனுப்பிவிடும். இங்கே சர்வர் வீழவில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது, முட்டு. ஒருவர் ஒரு வரிசையைத் திருத்தத் தொடங்கிப் பூட்டிவிட்டு, முடிக்காமல் அப்படியே இருந்துவிட்டால், அதே வரிசையைத் திருத்த வரும் மற்றவர் யாவரும் அப்பூட்டின் முன் காத்து நிற்பர். செயலி ஓய்ந்திருக்கும், நினைவகம் போதிய அளவு இருக்கும், ஆயினும் ஒன்றும் நகராது. மூன்றிற்கும் மருந்து வேறு வேறு.

ஆகையால் காரணம் தேடுவோர் முதலிற் செய்யவேண்டியது ஒன்றுண்டு: மீண்டும் இயக்கும் அவசரத்தில் சான்றுகளை அழிக்காதிருத்தல். மக்கள் காத்திருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவேடுகளைப் படியெடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாவிடின் அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே வீழ்ச்சியைக் காண நேரிடும்.

முதற் சான்று இயக்க முறைமையின் பதிவேடு. நினைவகம் தீர்ந்து ஒரு நிரல் அழிக்கப்பட்டிருந்தால், எந்த நிரல், எந்த நொடியில், எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருந்தது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அதே நொடியில் தரவுத்தளத்தின் பதிவேட்டிலும், எழுத்தர் ஒருவர் ‘சிக்னல் 9’ என்னும் குறியால் அழிக்கப்பட்டதாகக் குறிப்பு இருக்குமாயின் ஐயமே இல்லை. இயக்க முறைமையின் ஏட்டில் ஒன்றும் இல்லையெனில் வட்டைப் பார்த்தல் வேண்டும். பதிவேடுகள் பெருகி வட்டு நிறைந்துவிட்டால், எழுத இடமின்றித் தரவுத்தளம் தானே நின்றுவிடும். இது மிக எளிய காரணம். எளியதாதலாலேயே கடைசியாக நினைவிற்கு வருகிறது. வட்டிலும் இடம் இருந்தால், வீழ்ச்சிக்கு முந்திய அரைமணி நேரத்தில் எந்த வினவல்கள் நெடுநேரம் ஓடின, யார் யாருக்காகக் காத்திருந்தனர் என்பதை ஆராய்தல் வேண்டும். இறுதி நொடியைவிட அந்த அரைமணி நேரமே பெரும்பாலும் உண்மையைக் கூறும்.

வாயிலில் வரிசை

“இணைப்புகள் போதவில்லை” என்னும் செய்தியைக் கண்டவுடன் எல்லையை 100இலிருந்து 500 ஆக உயர்த்துவது வழக்கமாகிவிட்டது. இது பெரும்பாலும் தவறான மருத்துவம். எட்டுக் கருக்கள் கொண்ட செயலியில், ஒவ்வொரு வினவலுக்கும் 10 மில்லிநொடி உழைப்பு வேண்டுமெனின், நொடிக்கு 800 வினவல்களுக்கு மேல் எவ்வாற்றானும் முடியாது. உள்ளே 500 எழுத்தர்களை அமர்த்தினாலும் அதே 800தான். நெருக்கத்தால் அது குறையவும் கூடும். மறுப்பு என்னும் சிறு நோயை வீழ்ச்சி என்னும் பெருநோயாக மாற்றுவதே அச்செயலின் பயன்.

செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது: உள்ளே சிலர், வெளியே வரிசை. தரவுத்தளத்திற்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே பிஜிபவுன்சர் போன்ற ஓர் இடைநிரலை வைத்தால், அது ஆயிரக்கணக்கான இணைப்புகளை வெளியே ஏற்றுக்கொண்டு, உள்ளே உள்ள சில இணைப்புகளை முறைவைத்துப் பங்கிடும். செயலியின் கருக்களை இரட்டித்து வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு தொடங்குக என்பது போஸ்ட்கிரஸ் அறிந்தோரிடையே வழங்கும் கைக்கணக்கு. எட்டுக் கருக்களும் ஒரு வட்டும் உள்ள இடத்தில் பதினேழு. பதினேழு எழுத்தர் ஆயிரம் பேருக்குப் பணி செய்வதா என்று ஐயுற வேண்டா. ஒவ்வொருவரும் ஒரு நொடியின் சிறு பகுதியே தங்குவதால் அது இயலும்.

இதனோடு, குறித்த நொடிகளுக்கு மேல் ஓடும் வினவலை நிறுத்திவிடும் எல்லையும், பூட்டிவிட்டு வாளா இருப்போரை வெளியேற்றும் எல்லையும் அமைத்தல் வேண்டும். இருப்பதற்கு மேல் நினைவகத்தை ஒப்புக்கொள்ளாதவாறு லினக்ஸைக் கட்டுப்படுத்தலாம். அப்போது மிகுதியாகக் கேட்ட வினவல் மட்டும் பிழையுடன் முடியும், மற்றவர் பணி தொடரும். பெரிய இயந்திரத்தை வாங்குவது இவற்றுக்கெல்லாம் பின்னர் எண்ணவேண்டியது. சுட்டில்லாத அட்டவணையை எத்தனை பெரிய இயந்திரமும் நெடுநாள் தாங்காது.

கூட்டத்தை நேரத்தால் பிரிப்பதும் ஒரு பொறியியல் முறையே. ரயில்வேயின் தட்கல் முன்பதிவு 2015 ஜூன் முதல், குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குமாறு பிரிக்கப்பட்டது. புதிய கருவி எதுவும் வாங்காமலே ஒரு மலை இரண்டு குன்றுகளாகிறது. நாடு முழுவதற்கும் ஒரே நாள், ஒரே மணி என்று கெடு விதிக்கும் அலுவலகங்கள் இதனைக் கருதிப் பார்ப்பது நன்று. கடைசி நாள் வரை காத்திருந்தனர் என்று ஆசிரியர்களைக் குறைகூறுவது எளிது. மாவட்டந்தோறும் வெவ்வேறு நாளைக் குறிப்பதும் அதைப் போன்றே எளிது.

பாதியில் நின்ற பதிவு

களப்பணியாளரின் மிகப் பெரிய கவலை வேறொன்று. குழந்தையின் பெயரையும் எடையையும் பதிந்து அனுப்பிய நொடியில் சர்வர் வீழ்ந்தால், அப்பதிவு உள்ளதா, இல்லையா?

தரவுத்தளங்கள் இதற்கென ஒரு விரதத்தைக் கடைப்பிடிக்கின்றன. ஏட்டில் எழுதுமுன், எழுதப்போவதைப் பதிவேட்டில் குறித்து வட்டில் நிலைநிறுத்தல் வேண்டும். அதன் பின்னரே “முடிந்தது” என்று விடை கூறல் வேண்டும். வீழ்ந்து எழுந்தபின் பதிவேட்டை மீண்டும் நடத்தி, முடிந்தவற்றை நிலைநாட்டி, முடியாதவற்றைக் கழிப்பதற்கு ஏரீஸ் என்னும் முறை 1992இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதனை வகுத்தவர்களுள் முதல்வர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சி. மோகன். இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றின் மீட்பு முறைகளில் அவ்வாராய்ச்சியின் தடம் உண்டு.

ஆகவே “முடிந்தது” என்னும் விடையோ பதிவெண்ணோ திரையில் வந்துவிட்டால், அதன் பின் சர்வர் வீழ்ந்தாலும், வட்டு பழுதுறாதவரை, அப்பதிவு இருக்கும் என்று நம்பலாம். விடை வரவில்லையெனில் இரண்டும் நேர்ந்திருக்கலாம்: பதிவு நிகழாமலும் போயிருக்கலாம், பதிவு நிகழ்ந்து, விடை மட்டும் வழியில் தொலைந்துமிருக்கலாம். இந்நிலையில் மீண்டும் பதிந்தால் ஒரு குழந்தை இரு குழந்தைகளாகும். ஒரு தவணை மருந்து இரு தவணையாகும். அக்கணக்கை நம்பி அடுத்த தவணை மறுக்கப்படவும் கூடும். எனவே மீண்டும் பதியுமுன் பட்டியலைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. இதனைப் பணியாளரின் கவனத்திற்கு மட்டும் விட்டுவிடுவதும் முறையன்று. அனுப்பும் ஒவ்வொரு பதிவிற்கும் கைப்பேசியிலேயே ஒரு தனியெண்ணை இட்டு, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அதனைப் புதிதாக ஏற்காதவாறு அமைக்கலாம். நிரல் வரைவோர்க்கு இது பெரிய வேலையன்று. அந்நிரலே, விடை வாராதபோது உடனே திரும்பத் தட்டாமல், ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டும், எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாகத் தட்டாதவாறு அவ்விடைவெளியைச் சற்றே மாற்றிக்கொண்டும் முயலுமாறு செய்தல் வேண்டும்.

குறை நேர்ந்தால் மேலிடத்திற்கு எழுதும் குறிப்பில் “சர்வர் வேலை செய்யவில்லை” என்பது போதாது. மணியும் நிமிடமும், திரையில் வந்த செய்தி எழுத்து மாறாமல், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, பதிவெண் வந்ததா என்பது ஆகிய நான்கையும் குறித்தனுப்புக. இயலுமெனின் திரையின் படத்தையும் சேர்க்கலாம். 10.42 மணிக்கு “இணைப்புகள் மிகுதி” என்னும் செய்தியும், 10.47க்கு “மீட்பு நிலையில் உள்ளது” என்னும் செய்தியும் வந்ததாக இரு ஊர்களிலிருந்து எழுதப்பட்டால், மறுப்பு ஐந்து நிமிடத்திற்குள் வீழ்ச்சியாக மாறியதைத் தலைநகரில் இருப்போர் அறிந்துகொள்வர். அந்த ஐந்து நிமிடத்தின் பதிவேட்டை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.